நாலாவது பாகம் கடைசி இல்லை, அண்ணா

சண்டை போடுவதற்கென்றே எனக்கு வாய்த்த சேகர் அண்ணாவுக்கு,

நம் வீடியோ கேமின் ஆறாவது பாகம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் இழுத்தடித்தவர்கள் நீ போனபிறகு கொண்டுவந்து விற்கிறார்கள். இந்த முறை ஈட்டிக்காரன் கடலுக்குப் போகிறானாம். பிரிஞ்சாங் டவுன் கடையில் சொல்லி வைத்து வாங்கிவிட்டேன், ஆனால் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. "அலமாரியில பூட்டி வைக்கவா இவ்ளோ ஆசைப்பட்டு வாங்குன?" என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கிற மனுஷனுக்கு நம் சட்டதிட்டம் எங்கே தெரியும்?

நீ போட்ட சட்டம்தானே. புதுப் பாகம் வந்தால், பழையது எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆடி முடித்து, எது ஒசத்தி எது மட்டம் என்று வரிசை போட்ட பிறகுதான் புதியதைப் பிரிக்க வேண்டும். அந்த ஆட்டத்துக்கு வாயில் நுழையாத ஏதோ ஆங்கிலப் பெயர். ஒற்றை ஈட்டியோடு மலைக்கோட்டைகளில் ஏறி அரக்கர்களைக் குத்திச் சாய்க்கிறவனுக்கு நாம் வைத்த பெயர் ஈட்டிக்காரன். கல்யாணம் ஆகி நான் எஸ்டேட்டை விட்டுப் போன பிறகும், புதுப் பாகம் வந்தால் உன் லைன் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவேன். சோற்றை மடியில் வைத்துக்கொண்டு வரிசை போட்டவர்கள் நாம்.

நம் வரிசை எனக்கு மனப்பாடம். இரண்டாவது பாகம்தான் முதல் இடம். தொங்கு பாலத்தில் மழை கொட்டக் கொட்ட நடக்கிற அந்தச் சண்டை ஒன்று போதும். அடுத்தது முதல் பாகம். நீ அதைத்தான் தலையில் வைத்துக் கூத்தாடினாய். பாதியில் கரண்டு போனால் மறுபடியும் அடிவாரத்திலிருந்து ஏற வேண்டிய ஆட்டம் அது. "கஷ்டப்பட்டு ஏறுனதுதான்லா மனசுல நிக்கும்" என்பாய். நான் கத்திய கத்தலில் இரண்டாம் இடத்துக்கு இறங்கி வந்தாய். ஐந்தாவது பாகம் மூன்றாம் இடம், பார்க்க அழகு, உள்ளே சரக்கில்லை. மூன்றாவது பாகம் அதற்கும் கீழே, ஈட்டியைப் பிடித்த நேரத்தைவிட அவன் பேசிய நேரம்தான் அதிகம்.

நாலாவது பாகம் கடைசி. அதில் ஈட்டிக்காரனோடு ஒரு விளக்குக்காரி வருவாள். இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டும். விளக்குக்காரி விளக்கைத் தூக்கினால்தான் அரக்கன் கண்ணுக்குத் தெரிவான். அவளுக்கு வேறு வேலையே கிடையாது. இருவரில் ஒருவர் பின்தங்கினால் மற்றவரும் நின்றுவிட வேண்டும். முதல் நாளே எனக்கு எரிச்சல். "இதென்னண்ணா ஆட்டம், கொழுந்து வெட்டுற மெஷின் மாதிரி" என்றேன். நீ பிழைப்பு நடத்தியதே அந்த மெஷினில்தான். தேயிலை நிரைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரே மாதிரி அடி வைக்க வேண்டும், ஒருவர் முந்தினால் வெட்டு கோணிப்போகும். நீ சிரித்தாய். "சரி பாப்பா, கடைசியிலயே வை" என்றாய். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்றைக்கு வேலை நடுவில் நிரையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். மெஷினின் மறுபக்கம் பிடித்திருந்தவர்தான் உன்னைத் தாங்கி வேனில் ஏற்றினார். நான் பூக்கட்டுகளை அடுக்குவதைப் பாதியில் விட்டுவிட்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை, விடு.

எட்டாம் நாள் படையலில் உனக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம். ஆட்டுக்கறி, கருவாட்டுக் குழம்பு, ஒரு டின் பீர். அண்ணி நம் ஐந்து டிஸ்க்கையும் எடுத்து வந்து என் முன்னால் நின்றார். "இதுல ஒண்ணு வைக்கலாம்னு பாக்குறேன். அவருக்கு ரொம்பப் பிடிச்சது எது மாலா? நீயே சொல்லு."

"கேம் டிஸ்க்க எல்லாம் படையல்ல வைப்பாங்களாலா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். பெரியப்பா விடவில்லை. "பீர் வைக்கலாம், அது வைக்கக்கூடாதா? அவன் ஆசைப்பட்டது அவனுக்கு."

நான் யோசிக்கவே இல்லை. இரண்டாவது பாகத்தை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். அண்ணி மற்ற நான்கையும் மார்போடு பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார். அழுகிறார் என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். ஆறாவது பாகத்துக்கு முன்னால் வரிசை போட வேண்டுமே, உன் பழைய கேம் பெட்டியைக் கொண்டுவந்து ஆடலாம் என்று நினைத்தேன். "சும்மாதானே கெடக்கு அண்ணி, நான் எடுத்துக்கவா?" என்று முதல் நாளே போனில் கேட்டிருந்தேன். "வந்து எடுத்துக்க மாலா" என்றுதான் சொன்னார். கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு, பெட்டியை வைக்க ஒரு பெரிய பையையும் எடுத்துக்கொண்டு போய் இறங்கினேன்.

கதவு திறந்திருந்தது. உள்ளே நாலாவது பாகத்தின் பாட்டு. அண்ணி பாயில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். உன் நாற்காலியில் உன் கண்ட்ரோலர். திரையில் ஓர் ஆற்றங்கரை. ஈட்டிக்காரன் அசையாமல் நிற்கிறான். விளக்குக்காரி அவனைச் சுற்றிச் சுற்றி வருகிறாள், கொஞ்ச தூரம் போகிறாள், அதற்கு மேல் ஆட்டம் விடவில்லை, திரும்பி வருகிறாள்.

"இதோ மாலா, கழட்டித் தந்துடறேன். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்று அண்ணி எழுந்தார், தப்புச் செய்து பிடிபட்டவரைப் போல.

"நீங்க இத ஆடுவீங்களா அண்ணி?"

"எனக்கு என்ன தெரியும்? அவரு பின்னாலயே நடந்து வெளக்கு மட்டும் புடிப்பேன். ஒரே ஒரு பட்டன்தானே. சாப்ட்ட பெறகு தெனமும் கொஞ்ச நேரம் ஆடுவோம். முடிஞ்சா மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிப்பாரு."

"அப்ப, அன்னிக்குப் படையல்ல..."

"நீதானே அவருக்கு வெளையாட்டுக் கூட்டாளி. நாத்தனார் சொல்லும்போது குறுக்க நான் என்ன பேச?" அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏன் அண்ணா என்னிடம் சொல்லவில்லை? நான் கேலி செய்வேன் என்றா? செய்திருப்பேன், சந்தேகமே இல்லை. ஊரையே கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்திருப்பேன். ஆனாலும் நீ சொல்லியிருக்கலாம். உன்னைக் கரைத்துக் குடித்தவள் என்று திமிராக இருந்தேன். கடைசியில் உன் இலையில் நான் வைத்தது எனக்குப் பிடித்த ஆட்டம்.

அண்ணி உன் கண்ட்ரோலரை எடுத்து என்னிடம் நீட்டினார். "எடுத்துட்டுப் போறதுக்கு முன்ன இந்த ஆத்த மட்டும் தாண்டி விட்டுடேன். ரொம்ப நாளா இங்கயே நிக்கிறோம்."

வாங்கிக்கொண்டேன். உன் நாற்காலியில் உட்காரவில்லை, அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். என் வேகம்தான் உனக்குத் தெரியுமே. ஓடினேன், குத்தினேன், மறுபடியும் ஓடினேன். ஆட்டம் நின்று நின்று போனது. விளக்கு பின்னாலேயே தங்கிவிட, இருட்டில் அரக்கன் என்னை அடித்துப் போட்டான். அண்ணி மெதுவாகச் சொன்னார், "அவரு இவ்ளோ வேகமா போக மாட்டாரு மாலா. நான் வர்ற வரைக்கும் நிப்பாரு."

முதல் பாகத்தில் உன்னை முந்த இந்த மலையிலேயே ஆள் இல்லை. அந்த நீ, ஒரு பட்டனை மட்டும் அழுத்தத் தெரிந்தவருக்காக ஒவ்வோர் அடியாக நின்று நின்று போயிருக்கிறாய். அதுதான் உனக்குப் பிடித்திருக்கிறது. கூடவே இருந்த எனக்கு இது தெரியாமலே போய்விட்டது.

மெதுவாக நடந்து ஆற்றைத் தாண்டினோம். அண்ணி அழவில்லை, நான்தான் அழுதேன். பையை வெறுமனே மடித்து எடுத்துக்கொண்டு திரும்பினேன். பெட்டி உன் வீட்டிலேயே இருக்கிறது.

இனி ஞாயிறுதோறும் போகப்போகிறேன். ஈட்டியை நான் பிடிப்பேன், அண்ணி எவ்வளவு நேரம் எடுத்தாலும் நிற்பேன். ஆறாவது பாகம் காத்துக்கிடக்கட்டும். உன் வருஷத் திதிக்குப் படையலில் எதை வைப்பது என்று அண்ணி சொல்லட்டும், வரிசையையும் அவரே போடட்டும். நான் குறுக்கே வாயைத் திறக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம் அண்ணா.

இப்படிக்கு,
உன்னை எப்போதும் முந்திக்கொண்டு பேசிய
உன் தங்கச்சி மாலா