பூட்டு மாட்டாமல் இறங்கியவன்

ஜூன் 3
மூன்றாம் லிஃப்டுக்குக் கயிறு மாற்றினோம். எப்போது முடியும் என்று கட்டடச் செயலாளர் கீழே நின்று நச்சரித்தார். மேலே ஏறி வந்து பாருங்கள் என்றேன். போய்விட்டார்.

மாலையில் மனைவி வெளியே போகிறாள். போகட்டும். கல்யாணம் வேறு, ஆசை வேறு என்று வாதாடி வாதாடி அவளைச் சம்மதிக்க வைத்தவன் நான். யார் என்று கேட்கக் கூடாது, மற்றதெல்லாம் சொல்ல வேண்டும். அந்த விதியும் என்னுடையதுதான்.

ஜூன் 4
சொன்னாள். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, அவன் உதடு எங்கே தயங்கி நின்றது என்பது வரை. உடம்பு கொதித்தது. பாதியிலேயே இழுத்து அணைத்தேன். "மீதி வேணாமா?" என்று சிரித்தாள்.

நான் தேடிப் போன பெண்களை விட்டு ரொம்ப நாளாயிற்று. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. ஏன்?

ஜூன் 11
ஒரு வாரமாகத் தலைமை அலுவலகத்தில் பயிற்சி. ஏசி அறை, வெள்ளைச் சட்டை. இன்று அவள் வெளியே போய் வந்ததும் கழுத்தில் முகம் புதைத்தேன். லிஃப்ட் கயிற்றுக்குப் போடும் கிரீஸின் வாசனை. இத்தனை நாளும் அது என்னிடமிருந்து ஒட்டியது என்றே நினைத்திருந்தேன். இந்த வாரம் நான் கிரீஸைத் தொடவே இல்லை.

எங்கள் கிளையில் அதைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். நான், என் கூட்டாளி கொக்கு.

ஜூன் 12
கேட்டால் விதியை மீறியவன் நான். நிறுத்து என்றால், உன்னால் தாங்க முடியவில்லையா என்பாள். முடியலதான். சொல்லித் தொலையேன்டா. வாய் வரமாட்டேங்குது. சொந்தச் செலவில் சூனியம்.

ஜூன் 16
கொக்கு ஒட்டடைக் கம்பு உயரம். நல்ல வேலைக்காரன். மதியம் தன் டப்பாவில் பாதியை எனக்குத் தள்ளினான். "என்ன மாப்ள, மூஞ்சி உம்முன்னு இருக்கு? வீட்ல சண்டையா?"

 அவன் தள்ளியதைத் தின்றேன்.

ஜூன் 19
லிஃப்டுக்கு அடியில் உள்ள குழியில் ஸ்டாப் பட்டன் பழுது. அதை மாற்றக் கொக்கு இறங்கினான். நான் மேலே, மோட்டார் அறையில். குழிக்குள் போகிறவன் மெயின் சுவிட்சை அணைத்துத் தன் பூட்டை மாட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அணைத்தான். பூட்டவில்லை. "நீதான இருக்க, பூட்டு எதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சுவிட்சைப் போட்டேன். கீழே இறக்கும் பட்டனை அழுத்தினேன். லிஃப்ட் பெட்டி இறங்கியது— அவன் கத்தல் கேட்டதும் கையை எடுத்தேன்.

கேட்டதும்தானா? இல்லை. கொஞ்சம் கழித்து.

வெளியே வந்தவன் சட்டையெல்லாம் எண்ணெய். குழியில் மல்லாந்து படுத்துத் தப்பியிருக்கிறான். கை தவறிவிட்டது என்றேன். என்னையே பார்த்தான். "உனக்குத் தெரியும், சம்மதம்னு அவ சொன்னா மாப்ள. அதான் வந்தேன். இல்லன்னா வந்திருக்கவே மாட்டேன்."

அவள் பொய் சொல்லவில்லை. சம்மதம் சொன்னவன் நான்தானே.

ஜூன் 20
கொக்கு வேறு கிளைக்கு மாற்றல் கேட்டிருக்கிறானாம். முதுகுவலி என்று காரணம் சொன்னானாம்.

ஜூன் 24
இனி வேண்டாம், நாம் இரண்டு பேர் மட்டும் போதும் என்று இன்று அவளிடம் கேட்டே விட்டேன். உப்பு கொஞ்சம் கூடினாலே அரை மணி நேரம் வாதாடுகிறவள், சரி என்றாள். அவ்வளவுதான்.

என்ன சரி என்றேன்.

"கொக்கு உன் மேல புகார் எழுதத்தான் போனான். நான்தான் கெஞ்சி நிறுத்தினேன்."

எனக்காகவா என்று கேட்டேன். எவ்வளவு முட்டாள்.

"நான் போயிட்டா அவனை நீ என்ன பண்ணுவன்னு எனக்குத் தெரியல. அதான் இருக்கேன்."

ஜூன் 28
ஞாயிறு. இருவரும் வீட்டில். சமையலறையில் அவள் பின்னால் போய் நின்று தோளில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, நான் கையை எடுக்கும் வரை அசையாமல் நின்றாள்.