ஃபேனைக் கழற்றியது என் தப்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் அப்படியே என்று எழுதிப் பூசி மெழுக மனமில்லை.

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினெட்டு நாள் ஆகிறது. நீ ஆள் வைத்துத் தன்னை வேவு பார்க்கிறாய் என்று அவன் போனில் உன்னிடம் கத்தியதிலிருந்து நீ அவனோடு பேசுவதில்லை, நடிக்கிறான் என்று அம்மாவிடம் சொன்னாயாம். உன்மேல் குற்றமில்லை, நானும் கொழுப்பு என்றுதான் நினைத்தேன். இதற்கு மனச்சிதைவு என்று பெயராம். பக்கத்தில் ஒருவர் பேசினால் நமக்குக் கேட்கிற மாதிரியே, யாரும் பேசாதபோதும் அவனுக்கு நிஜமாகவே குரல் கேட்கிறது என்றார் டாக்டரம்மா. நம் வளர்ப்பு காரணமில்லை என்றும் சொன்னார், உன் அம்மாதான் நம்ப மாட்டேன் என்கிறாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் முன் நான் அடித்த கூத்தைக் கேள். ஃபேனுக்குள்ளிருந்து ஒருத்தன் பேசுகிறான் என்று தம்பி சொன்னதும், முப்பது வருஷம் வயரிங் வேலை பார்த்த புத்தி, டெஸ்டரோடு ஏணியில் ஏறிவிட்டேன். கழற்றி, கண்டென்சரை மாற்றி, இனிமேல் பேசாது என்று மாட்டினேன். மறுநாள் ஸ்விட்ச் போர்டு என்றான், அதையும் பிரித்தேன். ஒரே வாரத்தில் அந்த அறையில் ஒரு பல்புகூட மிச்சமில்லை. அப்பாவே கழற்றினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதானே அவன் நினைப்பான்? இல்லை என்று சண்டை போடாதீர்கள், ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், எனக்குக் கேட்கவில்லை, ஆனால் நீ பயப்படுவது தெரிகிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. முதலிலேயே தெரியாமல் போயிற்று, வெட்கமாக இருக்கிறது. இப்போது மாத்திரையில் குரல் தணிந்திருக்கிறது, அடியோடு நிற்கவில்லை. நிறையத் தூங்குகிறான், கை லேசாக நடுங்குகிறது.

நேற்று மாடியில் துணி உலர்த்தும்போது அவனாகவே சொன்னான்: "அக்கா குரல்லயும் அது திட்டும்பா. நிஜ அக்கா பேசி எவ்ளோ நாளாச்சு?"

உடம்பைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளையிடம் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். தம்பிக்குப் போன் செய், பத்து மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டான். கத்தியதைப் பற்றிப் பேச வேண்டாம், சாப்பிட்டியா என்று கேள், போதும். அந்தக் குரல் ஒரு நாளும் அவனை அப்படிக் கேட்டதில்லையாம்.

உன் அன்பு
அப்பா