ஊதாப் பொட்டு வைத்த ஓட்டு

தலைவி,

இன்று காலையில் தையல் மிஷின் டிராயரில் பாபின் தேடினேன். கைக்கு வந்ததோ உன் ஊதா நெயில்பாலிஷ். மூடி இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்துத் திறந்தேன். அந்த வாடை குப்பென்று ஏறியதும், நீ எதிர் மிஷினில் உட்கார்ந்துகொண்டு, "பல்லு போனா நானாடி கட்டிவிடுறது?" என்று வைவது போலவே இருந்தது.

நாற்பத்தெட்டு வயதில் ஒரு பாட்டுக்காரப் பையனுக்கு ரசிகர் மன்றம் வைத்தவள் அறந்தாங்கியிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். வீட்டுக்காரர் துபாயில், நீ இங்கே, நடுவில் அந்தப் பையனின் பாட்டு. நம் கடைக்கு ஜாக்கெட் தைக்க வந்தவர்களையெல்லாம் அளவெடுக்கும்போதே மடக்கி, நம்மையும் சேர்த்துப் பதினோரு பேராக்கிவிட்டாய். தலைவி என்று நான் கேலிக்குத்தான் கூப்பிட ஆரம்பித்தேன். நீ அதை நிசமென்றே எடுத்துக்கொண்டாய்.

போன வருசம் ஒரு இசை விருதில், பாடுகிறவர்களுக்கு மட்டுமல்ல, அவர்களுடைய ரசிகர் கூட்டத்துக்கும் ஒரு விருது என்று அறிவித்தார்கள். நாம் ஊதா ஜாக்கெட்டில் ஆடிய வீடியோவை உன் மகள் அனுப்பிவைக்க, பட்டியலில் நம் மன்றமும் வந்துவிட்டது. ஜெயித்தால் மேடையில் ஊரோடு சேர்த்து வாசிப்பார்களாம்.

"அறந்தாங்கின்னு மைக்குல ஒரு தடவ கேட்டுட்டேன்னா போதும்டி" என்றாய்.

போனில்தான் ஓட்டு. ஆனால் ஓட்டு என்றதும் உனக்குப் பள்ளிக்கூடத்துப் பூத்தில் விரலில் வைக்கிற மை ஞாபகம் வந்துவிட்டது. ஓட்டுப் போட்டவள் விரலில் எல்லாம் இந்தப் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தாய். மறுநாள் நான் யாருக்கும் தெரியாமல் இன்னொன்று போடப் பார்த்தேன். பிடித்துவிட்டாய்.

"வெரலக் காட்டுடி."

"இது மருதாணி."

"ஊதாவுலயா? கள்ள ஓட்டுப் போட்டு ஜெயிச்சா அந்தப் புள்ள மொகத்துல எப்புடி முழிக்கிறது?"

"அவன் என்னமோ ஒன் மொகத்துலதான் தெனமும் முழிக்கிற மாதிரி!"

கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு விரட்டினாய்.

எல்லாம் முடிந்து நாம் தோற்ற பிறகு, சுடிதார் வாங்க வந்த காலேஜ் பிள்ளை சொன்னாள்: "ஆன்ட்டி, ஒரு போன்ல தெனம் ஒரு ஓட்டுப் போடலாமே. பதினஞ்சு நாளும் போடலாம்." நீ மிஷினை நிறுத்தினாய். பிறகு என்னைப் பார்த்தாய். ரெண்டு பேரும் மிஷின்மேல் கவிழ்ந்து சிரித்தோம். "அடுத்த வருசம் பாரு" என்றாய்.

அடுத்த வருசம் வந்துவிட்டது. நீதான், நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வரவில்லை.

இன்று ஓட்டு ஆரம்பம். உன் மகள் உன் போனைக் கொண்டுவந்து, "அம்மா நம்பர்லயும் ஒண்ணு போடுங்க சித்தி" என்றாள். உன்னை விட்டால் நாங்கள் பத்துப் பேர்தான். ஒரு ஓட்டும் விடுவதற்கில்லை. விரலைக் கொண்டுபோய்விட்டேன். செத்தவள் பேரில் போடுகிற ஓட்டுக்கு என்ன பேரென்று நீ கேட்டது காதில் விழுந்தது. மடக்கிக்கொண்டேன். அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவள்தான் நான். உன் சட்டம் மட்டும் எனக்கு மனப்பாடம்.

மத்தியானம் உன் வீட்டுக்காரர் வந்தார். நீ போனதும் துபாயை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். "இந்த வயசுல மன்றம் ஒரு கேடா?" என்று போனிலேயே உன்னை ஏசிய அதே மனுசன், வாசலில் தயங்கி நின்றார்.

"வாங்கண்ணே, சட்டை தைக்கணுமா?"

"இல்லத்தா. என் நம்பர்லேருந்து போட்டாச் சேருமா?"

"கள்ள ஓட்டு இல்லையே?"

"சொந்த ஓட்டுத்தா. அவ சொல்லச் சொல்ல நான் காதுல வாங்கல. எதை அமுக்கணும்னு மட்டும் காட்டு."

அமுக்கினார். நான் கேட்காமலே விரலை நீட்டினார். நான் வைத்த பொட்டு நகம் முழுக்க இழுபட்டுவிட்டது.

"கடைத்தெருவே சிரிக்கப்போகுதுண்ணே."

"சிரிக்கட்டும். நாளைக்கும் வாரேன்."

ஆக, பதினோரு ஓட்டு. உன் சட்டத்தைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே: தினம் பழைய பொட்டை அழித்துவிட்டுப் புதுப் பொட்டு. பாட்டிலில் பாதிக்கு மேல் இருக்கிறது, பதினைந்து நாளும் தாங்கும். மூடியைத்தான் லேசாக மூடிவைத்திருக்கிறேன். பல்லு போனால் வைவதற்கு நீ இல்லையே.