பதினான்கு இஞ்ச் திரை

இன்று வெள்ளிக்கிழமை. சாமி விளக்கேற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் பாட்டுப் போட்டேன். இடது பக்க ஸ்பீக்கர் கரகரவென்று இழுத்தது. துடைக்கலாமென்று துணியோடு போனவள், துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டேன். இந்த ஸ்பீக்கர் வேண்டுமென்று அடம்பிடித்தது நான்தானே.

தோழிகளான நாம் இருவரும் மாதாமாதம் கட்டிய கூட்டுப் பணம் ஒரே மாதத்தில் கைக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். கல்யாணப் பத்திரிகைகளைத் தமிழில் தட்டச்சுச் செய்து பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்துக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். தட்டுவது நீ, பிழை பார்ப்பது நான். கம்ப்யூட்டரை ரெடிமேடாக வாங்கக் கட்டுப்படியாகாது, பாகம் பாகமாக வாங்கிப் பூட்டச் சொல்லலாம் என்று கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த இம்பிக்குப் போனோம். நான் இரவல் வாங்கிய புத்தகத்தைப் படித்து ஒரு சீட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். ராம் மெமரி கூடினால் ஹார்ட் டிஸ்க் குறையும், ஹார்ட் டிஸ்க் கூடினால் கேசிங் மட்டமாகும். கடைசியில் இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளிக்குள் நிறுத்தினேன்.

நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "ஸ்கிரீன் கொஞ்சம் பெருசா எடுப்போம் லா."

கடைக்கார சீனரும் உன் பக்கம் சாய்ந்தார். "ஆன்டி, பதினஞ்சு இஞ்ச் பாகுஸ், ரொம்ப நல்லது. இருநூத்தி முப்பது வெள்ளிதான் கூட."

"எழுத்து ஒண்ணுதானே, பெட்டி பெருசானா என்ன?" என்றேன் நான். சிடி டிரைவ், சவுண்ட் கார்டு, ஸ்பீக்கர் மூன்றுக்கும் சீட்டில் முந்நூற்று அறுபது ஒதுக்கியிருந்தேன். வேலை தொடங்கும் முன் சாமிப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பது என் ஆசை.

"சாமி உன்கிட்ட ஸ்பீக்கர் கேட்டுச்சா?" என்று சிரித்தாய். பிறகு, "சரி கிராணியம்மா, நீ எழுதினா எழுதினதுதான்" என்று விட்டுக்கொடுத்துவிட்டாய். கணக்கு எழுதுகிறவள் என்பதால் உன் வாயில் நான் எப்போதும் கிராணியம்மாதான்.

ஐந்து மாதம் பண்டமாரானில் உன் வீட்டிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி என் வீட்டுக்கு வந்தாய். நாளாக ஆக உன் முகம் திரையை நெருங்கிக்கொண்டே போனது. "என்னடி, முத்தம் குடுக்கிறியா?" என்று கேலி செய்தேன். "நீ வாங்கின குட்டி டிவிக்கு வேற என்ன செய்யறது?" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். நான் உண்மையாகவே சிரித்தேன்.

அப்புறம் அந்த முகூர்த்த நேரம். எட்டரையை ஆறரை என்று தட்டிவிட்டாய். பிழை பார்க்கிற நானும் அன்று அவசரத்தில் விட்டுவிட்டேன். முந்நூறு பத்திரிகை வீணானதும் உன்னை மட்டும் கடிந்துகொண்டேன். "கண்ணை எங்கே வெச்சிருந்தே?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. கைப்பையை எடுத்துக்கொண்டு, "நாளைக்கு வரேன்" என்று போனாய். வரவில்லை.

ஒரு வாரம் கழித்து உன் மகள் போன் செய்தாள். இனிப்பு நீர் வியாதி உன் கண்ணில் இறங்கிப் பார்வை மங்கி ஒரு வருஷமாகிறதாம். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க ஆன்டி. வேற ஆளப் பாத்துக்குவீங்கன்னு பயம்." ரயிலேறி உன் வீட்டுக்கு வந்தேன். "முந்நூறு பத்திரிகைக்கு வெள்ளி கேக்க வந்தியா?" என்று நீயே சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டாய். அடுத்த ஆண்டு சிறுநீரகமும் கைவிட்டது, நீயும் போய்விட்டாய்.

பெரிய திரை உன் கண்ணைக் காப்பாற்றியிருக்காது. எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஐந்து மாதம் நீ நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்திருப்பாய். ராமுக்கும் டிஸ்க்குக்கும் அத்தனை யோசித்தவள், முன்னால் உட்காரப் போகிறவளை யோசிக்கவில்லை.

கோயிலில் கண் மூடி நின்றாலும் மனம் நிலைகொள்வதில்லை. இன்றும் முதல் பாட்டு முடிவதற்குள் எழுந்துபோய், சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கும் அந்தச் சீட்டை எடுத்தேன். அதில் ஸ்பீக்கரைக் கோடு போட்டு அடித்தேன். சவுண்ட் கார்டை அடித்தேன். சிடி டிரைவை அடித்தேன். பதினைந்து இஞ்ச்சை எழுதிக் கூட்டினேன்.

எத்தனை முறை கூட்டினாலும், இரண்டாயிரத்து எண்ணூறுக்குள் அடங்கி, நூற்று முப்பது வெள்ளி மிஞ்சுகிறது.