ஏறாத தவணை

மகளின் அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. கொதித்துப்போய் இருக்கிறேன். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். முழுக்கப் படியுங்கள்.

போன வாரம் உங்கள் தங்கை வந்திருந்தாள். அவர்களுடைய வீட்டுக் கடனுக்குத் தவணை மறுபடியும் ஏறிவிட்டதாம், ஒரே புலம்பல். எனக்கோ பெருமை தாங்கவில்லை. எங்களுக்கு வாங்கிய நாளிலிருந்து ஒரு காசு ஏறவில்லை, உன் அண்ணன் கெட்டிக்காரர் என்று வாய் கிழியப் பேசினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஒரே பேங்க்ல, ஒரே மாதிரி மாறுற வட்டிக்குத்தானே வாங்கினோம், உங்களுக்கு மட்டும் எப்படி அண்ணி ஏறாம இருக்கும், போய்க் கேட்டுப் பாருங்க என்றாள்.

மருந்துக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வங்கிக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்த பெண் பொறுமைசாலி. வட்டி ஏறினால் அந்தச் சுமையை எங்கேயாவது இறக்கித்தானே ஆகணும், மாசத் தவணையில இறக்கலைன்னா கட்டுற வருஷத்துல இறக்குவோம், ஒவ்வொரு தடவையும் உங்க வீட்டுக்காரர்தான் வருஷத்தை நீட்டச் சொன்னார் என்றாள். இப்போது நாம் கட்டுவதில் பெரும்பங்கு வட்டிக்கே போகிறதாம். அசல் அசையாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் முன்னால் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கடனில் என் கையெழுத்தும் இருக்கிறது, எனக்குத்தான் ஒன்றும் தெரியாது.

கடைசித் தவணை கட்டியதும் அங்கே வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுவேன் என்றீர்களே. மகள் பள்ளிக்கூடம் முடிக்கும்போது வீட்டில் இருப்பேன் என்று அவளுக்கும் வாக்குக் கொடுத்தீர்களே. இப்போதைய கணக்குக்கு, அவள் வேலைக்குப் போய், அவளே ஒரு வீட்டுக் கடன் வாங்கிய பிறகுதான் நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பீர்கள்.

உனக்குக் கஷ்டம் வரக்கூடாது என்றுதான் செய்தேன் என்பீர்கள். யார் கேட்டார்கள்? மாதக் கடைசியில் கையைப் பிடித்துச் செலவு செய்வது எனக்குக் கஷ்டமே இல்லை. தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் தனியாக, அவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் தனியாக என்று ஓடுகிறேனே, அதுதான் கஷ்டம். அதைப் போய் வருஷக் கணக்கில் நீட்டிக்கொண்டே வந்திருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா?

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஜன்னலோர அறை அப்பாவுக்கு என்று தன் புத்தகங்களைக்கூட அங்கே வைக்கமாட்டேன் என்கிறாள். அவளிடம் எந்த வாயால் சொல்வது?

நான் முடிவு செய்துவிட்டேன். தவணையை ஏற்றி வருஷத்தைக் குறைக்கலாமாம், அதற்கு உங்கள் சம்மதமும் வேண்டுமாம். உடனே வங்கியோடு பேசுங்கள். கூடுதல் பணத்துக்கு நீங்கள் அங்கே ஓவர்டைம் பார்க்க வேண்டாம், நான் வழி பண்ணிவிட்டேன். கடையில் புதிதாகச் சேர்ந்த பெண் தங்க இடம் தேடுகிறாள். ஜன்னலோர அறையை அவளுக்கு வாடகைக்கு விடப்போகிறேன். உங்கள் மேஜையைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. ஏன் என்று தெரியாமல் மகள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, பரவாயில்லை.

லிஃப்ட் பழுது பார்க்க மேலே ஏறும்போது பெல்ட்டைச் சரியாக மாட்டிக்கொள்ளுங்கள். இருமலுக்கு அனுப்பிய மருந்தை முழுசாகக் குடியுங்கள். கோபத்தில் எழுதுகிறேன் என்று சாப்பிடாமல் கிடக்காதீர்கள்.

நீங்கள் வரும்போது உங்களுக்கென்று அறை இருக்காது. கூடத்தில் பாய் விரித்துத் தருகிறேன், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக்கொள்ளுங்கள். வந்தால் போதும்.

கோபம் தீராத,
உங்கள் மனைவி