எழுத்தில்லாத பதினான்கு அட்டைகள்

பிப்ரவரி 5, 2007. திங்கள்.

காலையில் பனி. கொடியில் போட்ட துணி எட்டு மணிக்கும் ஈரம். பள்ளியில் எல்.கே.ஜி.க்கு அச்சு வேலை: வெண்டைக்காய்த் துண்டு, பூவரச இலை, வாட்டர் கலர். பிள்ளைகள் தாளில் அடித்தது பாதி, என் புடவையில் அடித்தது பாதி. பச்சை போகவில்லை.

மாலை அத்தையோடு பேப்பர் எழுதும் ஐயா வீட்டுக்கு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு இந்தத் தெருப்பக்கம் அவர்தான் பாரம் நிரப்புவது. எங்கள் கல்யாணம் எத்தா சிவில் என்கிற பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறவே இரண்டு வருடம். இனி என் விசா. என் கணவர் பாரிஸ் பக்கம், நான் காரைக்கால். இரண்டு லீவிலும் சேர்த்து நாங்கள் ஒன்றாக இருந்தது ஐம்பத்தொரு நாள். அத்தையிடம் கேட்டால் "அதான் ரெண்டு தடவ வந்துட்டுப் போனானே" என்பார். மாமியார் கணக்கு வேறு.

ஐயா சொன்னார்: "ரெண்டு பேரும் தொடர்புல இருக்கீங்கன்னு காட்டணும்மா. நீங்க போட்ட லெட்டரெல்லாம் மாப்ளகிட்ட இருக்கும்ல, வரவழைங்க."

"லெட்டர் இல்லீங்க. அட்டைதான் செஞ்சு அனுப்புவேன்."

"அட்டைன்னா?"

"ரப்பர்ல செதுக்கி, மை தொட்டு, அச்சடிச்சு..."

"அதுல எழுதியிருப்பீங்கல்ல?"

"ஒண்ணும் எழுதல."

ஐயா கண்ணாடியைக் கழற்றி அத்தையைப் பார்த்தார். அத்தை காலண்டரைப் பார்த்தார். கடைசியில் ஐயாவே வழி சொன்னார். அட்டைகள் வரட்டும். ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று நான் தனியாக எழுதித் தர வேண்டும். கணவரும் அங்கிருந்து தனியாக எழுதி, உறையை ஒட்டி, ஐயா பெயருக்கு அனுப்ப வேண்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பார்த்து எழுதினால் தெரிந்துவிடுமாம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அத்தை, "நலம், நலமறிய ஆவல்னு ஒரு வரி எழுதுனா கையா தேஞ்சிடும்?"

பிப்ரவரி 6. செவ்வாய்.

பதினைந்தாவது அட்டைக்கு உட்கார்ந்தேன். மேசைமேல் இருப்பவை: பள்ளிக்கூட ரப்பர் ஆறு. அறுந்த ஹவாய் செருப்பு ஒன்று (அடிப்பாகம் பெரிய அச்சுக்கு நன்றாக வரும்). அரை பிளேடு. ஊதா மைப்பெட்டி. டீ டிகாஷனில் நனைத்துக் காயவைத்த தாள். பழைய கல்யாணப் பத்திரிகை. பட்டுப் பார்டரில் இரண்டு சாண் சரிகை. மெழுகுவர்த்தி.

ஒன்றும் வரவில்லை. ரப்பரை வெறுமனே நான்காக வெட்டி வைத்துவிட்டு எழுந்தேன்.

அத்தைக்கு நான் எப்படிச் சொல்வது? முதல் வருடம் எழுதினேனே. நான்கு பக்கம். அவர் அங்கே சித்தப்பா வீட்டில் இருக்கிறார். அந்த வீட்டில் ஒரு வழக்கம்: ஊரிலிருந்து யாருக்குக் கடுதாசி வந்தாலும், ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் சித்திதான் பிரித்துச் சத்தமாகப் படிப்பார். ஊர்ச்சேதி எல்லாருக்கும் பொதுவாம். என் நான்கு பக்கத்தையும் படித்திருக்கிறார். "உங்க சட்டையை இன்னும் துவைக்கலை, வாசனை போயிடும்னு வச்சிருக்கேன்" என்ற வரியையும் சேர்த்து. அவரே போனில் சொல்லிச் சிரித்தார்: "எல்லாரும் சிரிச்சாங்க கலா, சித்தி ரெண்டு தடவ படிச்சாங்க."

அன்றைக்கே சட்டையைத் துவைத்துப் போட்டேன். அதன்பிறகு ஓர் எழுத்து எழுதவில்லை. படத்தை யாரும் சத்தமாகப் படிக்க முடியாது. அவருக்கு மட்டும் புரியும் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 10. சனி.

திருநள்ளாறு போகிற கூட்டம், பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. சீல் கடை பாயிடம் போனேன். தப்பாக வந்த சீல்களை எனக்காக ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். இன்று மூன்று: பெயர் பாதி விழுந்த ஒரு தலைமை ஆசிரியர், கால் ஒடிந்த ஒரு 'உண்மை நகல்', வட்டம் நசுங்கிய ஏதோ சங்கம்.

"இதெல்லாம் வச்சு என்னா செய்யிற புள்ள? யாரையாச்சும் மாட்டி வுட்டுடாதே."

"படம் செய்யிறேன் பாய்."

"சீல்ல படமா?" என்று தலையை ஆட்டினார். அவர் டீயில் எனக்குப் பாதி ஊற்றிக் கொடுத்தார்.

அந்தத் தலைமை ஆசிரியரை நான்கு திசையில் அடித்தால் கோலம் மாதிரி வருகிறது. அழகு. ஆனால் யாருக்கு அனுப்ப?

பிப்ரவரி 11. ஞாயிறு.

ஐந்தே காலுக்குப் போன். பின்னால் பாத்திரச் சத்தம், சித்தி குரல். விஷயத்தைச் சொன்னேன்.

"எல்லா அட்டையும் வச்சிருக்கீங்களா?"

"இருக்கு."

"எங்க?"

"இருக்கு கலா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அர்த்தம்லாம் எழுதணுமா? எனக்குப் படம்லாம் அவ்வளவா..."

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சதை எழுதுங்க."

அத்தை கையை நீட்டினார், கொடுத்துவிட்டேன். குளிர், இருமல், கோட்டு வாங்கியது, பெரியப்பா மகளுக்கு வரன். எனக்கு மறுபடி வரும்போது அவருடைய போன் கார்டு தீர்ந்துவிட்டது.

தெரிந்திருக்கும். ஒரு வாரம் கூட வாழவில்லையா நாங்கள்? ஏழு வாரம் வாழ்ந்தோமே.

பிப்ரவரி 14. புதன்.

காஸ் தீர்ந்தது. ஸ்டவ்வில் சமையல். ஒன்றாம் வகுப்பு டீச்சர் லீவு, எனக்கு இரண்டு வகுப்பு, தொண்டை கட்டிவிட்டது. தபால்காரர் வந்தார். கரண்ட் பில்.

பிப்ரவரி 23. வெள்ளி.

வந்துவிட்டது. பழுப்பு உறை. உள்ளே பதினான்கு அட்டையும், ஐயா பெயர் எழுதிய ஒட்டிய சின்ன உறையும்.

அட்டைகளில் சோப்பு வாசனை. துணிக்கு நடுவில் வைத்திருந்திருக்கிறார். ஓரம் எதுவும் மடங்கவில்லை. சரிகை ஒட்டிய அட்டைக்கு மேல் மெல்லிய தாள் போட்டு வைத்திருக்கிறார். சித்தி கண்ணில் படாத இடமாகத்தான் இருக்க வேண்டும். மதியச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஒட்டிய உறையைத் தொடவில்லை. இரண்டு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அது தொட்டதாகாது.

பிப்ரவரி 24. சனி.

காலை இட்லிப் பானை ஆவியில் உறையைக் காட்டினேன். அத்தை அடுப்படிக்குள் வந்துவிட்டார். மறைக்க நேரமில்லை. அவர் என்னையும் உறையையும் பார்த்துவிட்டு, "ஓரமாப் புடி, நடுவுல புடிச்சா மை பரவும்" என்று சொல்லிவிட்டுச் சட்னிக்குத் தேங்காய் எடுத்துக்கொண்டு போனார். மாமா பட்டாளத்தில் வெளிநாட்டில் இருந்த காலத்தில் இவர் எத்தனை உறையை ஆவி காட்டினாரோ.

அவர் எழுதியது ஒரு பக்கம். வரிசை எண் போட்டு, பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி.

அட்டை 1, கவிழ்ந்த குடை. நான் வைத்த அர்த்தம்: கல்யாணமான எட்டாம் நாள், கடற்கரையில் மழை, குடை திரும்பிப்போய் நாமிருவரும் நனைந்தது. அவர் எழுதியது: "கலாவுக்குக் குடை தேவை." போன லீவில் எதற்கு இரண்டு குடை வாங்கி வந்தார் என்று இன்றுதான் தெரிந்தது.

அ. 4, இரண்டு டம்ளர், ஒன்று கவிழ்த்தது. நான்: பழக்கதோஷத்தில் உங்களுக்கும் டீ ஊற்றிவிடுகிறேன். அவர்: "அம்மாவும் கலாவும் டீ குடிக்கிறார்கள். நலம்."

அ. 6, கிழிந்த பஸ் டிக்கெட். நான்: உங்களை விமானம் ஏற்றிவிட்டுச் சென்னையிலிருந்து தனியாக வந்த ராத்திரி. அவர்: "திருநள்ளாறு போய் சாமி கும்பிட்டார்கள்."

அ. 9, ஜன்னல் கம்பி, கம்பிக்குள் சரிகை நிலா. இதற்கு மூன்று ரப்பர் வீணாயிற்று. விரலில் தழும்பு இருக்கிறது. அவர்: "ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும்."

சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். இரண்டு வருடம் நான் பேசியது யாரிடம்?

சாயங்காலம் மறுபடி எடுத்தேன். அ. 12-ஐக் காலையில் பார்க்காமல் விட்டிருந்தேன். அது போன மழைக்காலத்தில் அவசரத்தில் அனுப்பியது. பரீட்சைப் பேப்பர் திருத்தும் வேலை, செதுக்க நேரமில்லை. கட்டை விரலை மையில் தோய்த்து நடுவில் அழுத்தி அனுப்பிவிட்டேன். எந்த அர்த்தமும் வைக்கவில்லை. இருப்பதில் மட்டம் அதுதான்.

அவர்: "இது கலாவின் கட்டை விரல்."

அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். மற்றதெல்லாம் புதிது மாதிரி. இது மட்டும் நடுவில் வழவழப்பு. என் ரேகை பாதி அழிந்து, அதன்மேல் அகலமாக இன்னொரு விரல் பட்ட பிசுக்கு. ஒரு தடவை இரண்டு தடவை பட்டதல்ல.

என் விரலை வைத்துப் பார்த்தேன். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. அவர் கை எனக்கு வேண்டும். இப்போதே வேண்டும். அட்டை வேண்டாம், போன் வேண்டாம், கை.

பிப்ரவரி 25. ஞாயிறு.

என் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். மழை, நனைந்தது, டீ என்று உண்மையை முதலில் எழுதினேன். படித்தேன். எழுதியதிலேயே நல்ல கடிதம் இதுதான் என்று தோன்றியது. ஆனால் இதைக் கொடுத்தால் பதினான்கில் பன்னிரண்டாவதைத் தவிர ஒன்றுகூட ஒத்துப்போகாது. பேப்பர் திரும்பி வரும். இன்னும் ஒரு வருடம்.

மடித்துப் பெட்டியில் போட்டேன். வேறு தாள் எடுத்தேன்.

1. எனக்குக் குடை தேவைப்பட்டது.
4. அத்தையும் நானும் டீ குடித்தோம்.
6. திருநள்ளாறு போனோம்.
9. ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

கை கூசிற்று. பன்னிரண்டை மட்டும் கூசாமல் எழுதினேன். அவர் உறையைப் பசை தடவி மறுபடி ஒட்டினேன்.

போன் வந்தது. உறையைத் திறந்தேன் என்று சொல்லவில்லை. "சரியா எழுதியிருக்கேனா?" என்று கேட்டார். குரலில் அந்தப் பரீட்சைப் பயம். "எல்லாம் சரிதாங்க" என்றேன். அப்பாடா என்று அவர் மூச்சு விட்டது இங்கே கேட்டது.

பிப்ரவரி 26. திங்கள்.

ஐயா வீடு. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டி ஓட்டிப் படித்தார்.

"அடேங்கப்பா. அச்சு அசலா ஒத்துப்போவுதே! இப்புடி மனசொத்த புருசன் பொண்டாட்டிய நான் பாத்ததே இல்லீங்கம்மா" என்று அத்தையிடம் சொன்னார்.

அத்தை, "எம் புள்ள அப்புடி" என்றார். கண்ணைக்கூட இமைக்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன். பதில் வர எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். ஆறு மாதமும் ஆகலாம், வருடமும் ஆகலாம், அதுவரை தொடர்பு விடாமல் இருக்க வேண்டும் என்றார். "படம்லாம் வேணாம்மா. எழுத்தா இருக்கட்டும்."

திரும்பி வரும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரியும்.

பிப்ரவரி 27. செவ்வாய்.

வெயில் ஏறிவிட்டது. பள்ளி விட்டதும் நேரே பாய் கடை. சீலுக்கான வாசகத்தைச் சீட்டில் எழுதி எடுத்துப் போயிருந்தேன்.

உங்களைப் பார்க்க வேண்டும்.
பக்கத்தில் இருக்க வேண்டும்.
இதற்கு வேறு அர்த்தம் கிடையாது.
கலா

சித்தி படிக்கட்டும். இரண்டு தடவை வேண்டுமானாலும் படிக்கட்டும்.

பாய் கடையில் வேறு யாரோ நின்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டு, சீட்டைப் பார்க்காமலே, "எந்த ஆபீசுக்கு?" என்றார்.

"ஆபீஸ் இல்ல பாய். எனக்கு."

அப்புறம்தான் படித்தார். உதடு அசையப் படித்தார். தலை நிமிரவில்லை. ஸ்கேல் எடுத்து அளந்தார், பென்சிலால் சுற்றிக் கட்டம் போட்டார், அதை அழித்து வளைவாகப் போட்டார்.

"ஒரு தடவைக்குத்தானா, இல்ல நெறைய அடிப்பியா?"

"நெறைய அடிக்க வேண்டியிருக்கும் பாய்."

"அப்பச் சரி. கைப்பிடி பெருசா வச்சுத் தர்றேன். உள்ளங்கை வலிக்காது."