கோட்டை சொன்ன வேப்பிலை

பழவேற்காடு கோட்டை
துன்மதி வருஷம், மாசி மாதம் 8

அன்புள்ள அங்கமுத்து மச்சானுக்கு, தேசப்பன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் தங்கை ரங்கம்மாளும் குழந்தை அம்மணியும் சுகம். குப்பத்தில் நீங்களும் எல்லம்மா அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். மடவை நன்றாகப் படுகிறதாம், மீன்கூடையோடு வந்த காசியம்மாள் சொன்னாள். கூடையில் மீன் இருந்தது, உங்கள் ஓலைதான் இல்லை. ஊர்த்தலைவர் ஆனதும் மாப்பிள்ளைக்கு எழுத நேரமில்லை போலும்.

திருப்பாலைவனத்தில் அம்மா இறங்கியிருக்கிறாள். இரண்டு தெருவில் முத்து போட்டிருக்கிறதாம். நாளை உங்கள் பக்கமும் தமுக்கு அடிப்பார்கள். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்ட வேண்டும், கோட்டைக்கும் சொல்ல வேண்டும் என்று கட்டளை. கோட்டையின் ஒல்லாந்துக் கப்பித்தான் முதலில் வாசலில் சுண்ணாம்புக் குறி போடத்தான் சொன்னார். நான்தான், "எங்கள் ஜனங்களுக்கு வேப்பிலையே குறி, அதைப் பார்த்தால் யாரும் நுழைய மாட்டார்கள்" என்று பேசி மாற்றினேன். அவர் பேச்சைத் தமிழாக்கிச் சொல்லும் துபாஷி வேலையில் இப்படி ஒரு நல்லதாவது செய்தேனே என்று எனக்குக் கொஞ்சம் பெருமை.

பங்குனியில் அம்மணிக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி தயாராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தேசப்பன்

*

குப்பம்
மாசி 15

மாப்பிள்ளை தேசப்பனுக்கு ஆசீர்வாதம்.

என் மடி எப்போதும் தயார். மருமகளுக்குக் கம்மல் செய்யத் தட்டானிடம் சொல்லியாயிற்று. ஓலை எழுதாததற்குத் திட்டினாய், சரி. இப்போது என் முறை.

தமுக்குக்காரன் வந்து கத்திவிட்டுப் போனான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருக்கிறது. நாம் காலங்காலமாகக் கட்டும் வேப்பிலையை இவர்கள் ஏன் கட்டச் சொல்ல வேண்டும்? அம்மா வந்த வீட்டு ஆண்பிள்ளை கடலுக்குப் போக மாட்டான். அவன் பங்கு மீனை ஊர் கொடுக்கும், அவன் வீட்டிலேயே கிடப்பான். எந்த வாசலில் இலை தொங்குகிறதோ அங்கே ஆள் உண்டு என்று கோட்டைக்கு நாமே கைகாட்ட வேண்டுமா?

காசியம்மாள் சந்தையிலிருந்து வந்து சொன்னாள்: "வேப்பிலய எண்ணிக்கினு போறாங்கோ நைனா. கப்பல்ல ஆள ஏத்தத்தான்னு அல்லாரும் பேசிக்கிறாங்கோ." புளுகு என்பாய். பஞ்ச வருஷத்தில் என் சித்தப்பா மகன் ஆதிநாராயணனை மறந்துவிட்டாயா? கோட்டைக்கு வந்தால் கஞ்சி ஊற்றுகிறோம் என்று இதே தமுக்குத்தான் சொன்னது. போனவனை அடிமையாக்கி, கடல்கடந்து பத்தாவிக்குப் போகும் கப்பலில் ஏற்றினார்கள். எங்கள் சித்தி சாகும்வரை முகத்துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் கூடி முடிவு செய்துவிட்டோம். அம்மா இன்னும் எங்கள் மணலை மிதிக்கவில்லை. மிதித்தாலும் வாசலில் இலை இருக்காது. உள்ளே, படுக்கைக்கு மேல் கட்டுவோம். அவளுக்குத் தெரிந்தால் போதும், அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

உன்மேல் எனக்குச் சந்தேகமில்லை. நீ தின்கிற சோற்றின்மேல்தான்.

அங்கமுத்து

*

கோட்டை
மாசி 21

அன்புள்ள மச்சானுக்கு,

ஆதிநாராயணனை நான் மறக்கவில்லை. அந்தப் பாவத்தைக் கோட்டை செய்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தமுறை கப்பித்தானுக்கு வேண்டியது ஒன்றுதான்: அவருடைய மாலுமிகள் நோய் வீட்டில் மீன் வாங்கப் போய்விடக் கூடாது. நமக்காக இரக்கப்படவில்லை, தம் ஆட்களுக்காகப் பயப்படுகிறார். அவருடைய பயத்தை நான் நம்புகிறேன்.

இலை அம்மாவுக்காக மட்டும் கட்டுவதில்லை மச்சான். நெருப்பு வாங்க வரும் பக்கத்து வீட்டுக்காரிக்காகவும்தான். அவளுக்கு யார் சொல்வார்கள்?

கோட்டைக்குச் சொல்ல வேண்டாம், அதை நான் சமாளிக்கிறேன். இலையை மட்டும் வாசலுக்குக் கொண்டுவாருங்கள். இதைக் காலில் விழுந்து கேட்கிறேன், ஏனென்றால் உங்கள் தங்கை நான் சொல்லிக் கேட்கவில்லை. காதுகுத்தைத் தள்ளிப் போடலாம் என்றேன். "எங்க அண்ணன் ஊட்டுக்குப் போறதுக்கு எனக்கு இன்னா பயம்? கோட்டச் சோறு துன்னு உனக்குக் கோட்ட புத்தி வந்துடுச்சி" என்று ஒரே சண்டை. அடுத்த வாரம் குழந்தையோடு படகேறுகிறாள். எந்த வீட்டிலும் வாசல் நிலையைப் பார்த்துவிட்டு நுழை என்று சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் ஒப்புக்கொண்டாள். அவள் பார்ப்பாள். நீங்கள் மறைக்காதீர்கள்.

தேசப்பன்

*

குப்பம்
பங்குனி 20

மாப்பிள்ளைக்கு,

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. ஊசி குத்தியதும் அம்மணி என் விரலைக் கடித்துவிட்டாள், தழும்பு இன்னும் இருக்கிறது. சாயங்காலம் கம்மலைக் காட்டத் தெரு முழுக்க நடந்தாள்.

இனி எழுத வேண்டியதை எழுதக் கை வரவில்லை. அப்படியே தாயும் மகளும் எங்கள் தெருக் கிருஷ்ணன் வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். அவன் மகன் உள்ளே, வலைக் குவியலுக்குப் பின்னால், முத்துப் போட்டுக் கிடந்தான். எனக்குத் தெரியும். ஊருக்குச் சொல்லாமல் வைத்திருந்தோம். ரங்கம்மாள் வாசலில் நின்று நிலையைப் பார்த்தாளாம். இலை இல்லை. நுழைந்துவிட்டாள். கிருஷ்ணன் பெண்சாதி வெளியே போ என்றும் சொல்ல முடியாமல், வா என்றும் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறாள். ஊர் முடிவாயிற்றே, வாய் திறப்பாளா?

அந்தப் பையன் போய்விட்டான். நேற்று அம்மணிக்கு உடம்பு கொதித்தது. இன்று முகத்தில் முத்து. எல்லம்மாவும் ரங்கம்மாளும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நான் வெளியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீ வராதே. வந்தால், எண்ண வந்திருக்கிறாய் என்று ஊர் சொல்லும். என் வாசலிலும் இன்னும் இலை கட்டவில்லை. நான் கட்டினால் எல்லோரும் கட்ட வேண்டும், அதற்கு யாருக்கும் தைரியமில்லை. எனக்கும் இல்லை.

அங்கமுத்து

*

கோட்டை
பங்குனி 22

மச்சான்,

என் குழந்தை படுத்திருக்கும் வீட்டு வாசல் வெறுமையாக இருக்கிறதா? நாளை அங்கே யார் குழந்தை நுழையும்? கிருஷ்ணன் வீட்டைப்போல இன்னும் எத்தனை வீடு?

எனக்கு உங்கள்மேல் கோபம். அதைவிட என்மேல் கோபம். கோட்டை வாயால் அதைச் சொல்ல வைத்தவன் நான். நம் இலையை அவர்கள் கையில் கொடுத்துக் கெடுத்தேன். கோட்டை பால் என்றால் நம் ஊர் விஷம் என்னும், விஷம் என்றால் பால் என்னும். இது தெரிந்தும் செய்தேன்.

அம்மணி கண் திறந்தாளா? அதை மட்டும் எழுதுங்கள்.

தேசப்பன்

*

குப்பம்
துந்துபி வருஷம், சித்திரை 4

துபாஷியார் தேசப்பன் அவர்களுக்கு,

நேற்று மறுபடியும் தமுக்கு வந்தது. வாசலில் வேப்பிலை கட்டுவது கப்பல் வியாபாரத்துக்குக் கெடுதல், இனி யாரும் கட்டக் கூடாது, கட்டினால் அபராதம், சேவகர்கள் வந்து அறுத்து எறிவார்கள் என்று தமுக்குக்காரன் கத்தினான். யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டேன். "துபாஷிதான் சொல்லிக் குடுத்தாரு" என்றான்.

அம்மாவுக்குக் கட்டும் இலையை அறுக்க இவர்கள் யார்? எங்கள் வீட்டில் உம்முடைய மகள் முத்தோடு கிடக்கும்போது உமக்கு எப்படி மனம் வந்தது? ரங்கம்மாள் அதைக் கேட்டதும் எழுந்தாள். அவளே மரத்தில் ஏறிக் கொத்தாக ஒடித்து வந்து என் வாசலில் கட்டினாள். பொழுது சாய்வதற்குள் அம்மா வந்த வீடெல்லாம் கட்டிவிட்டது. நான் நினைத்ததைவிட அதிக வீடு. நோய் இல்லாத வீட்டில் யாரும் கட்டவில்லை, சும்மா கட்டினால் அவளை வாவென்று அழைத்ததாகிவிடும். உம்முடைய சேவகர்களை அனுப்பும். கையை ஒடிக்கிறோம்.

அங்கமுத்து

*

கோட்டை
சித்திரை 6

குப்பத்துத் தலைவர் அங்கமுத்துவுக்கு,

ஆம், நான் சொல்லிக்கொடுத்ததுதான். கோட்டைச் சோறு தின்கிறவன் கோட்டைக்கு நல்லதைத்தான் பார்ப்பான். எல்லோரும் உடனே இலையை அவிழ்த்துவிட வேண்டும்.

குழந்தை எப்படி இருக்கிறாள்?

தேசப்பன்

*

குப்பம்
சித்திரை 19

மாப்பிள்ளை,

அம்மணிக்கு நேற்றுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். முத்து இறங்கிவிட்டது, உயிர் தப்பியது. இடது கண்ணில் பூ விழுந்திருக்கிறது, அந்தக் கண் இனி பார்க்காது என்கிறார்கள். மற்றக் கண்ணால் என்னைப் பார்த்துச் சோறு கேட்டாள். நான் எழுந்து வெளியே வந்து அழுதேன்.

புதிதாக யாருக்கும் முத்து போட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. இலை தொங்கும் வாசலை ஒருவரும் மிதிப்பதில்லை. பாலும் சோறும் வெளியே வைத்துவிட்டுக் குரல் கொடுக்கிறார்கள், பழையபடி.

அபராதம் வாங்க ஒருவனும் வரவில்லை. இலையை அறுக்க ஒரு சேவகனும் வரவில்லை. நாங்கள் கட்டையோடு காத்திருந்து அலுத்துப்போனோம். பிறகுதான் யோசித்தேன். கப்பித்தானுக்குத் தமிழ் தெரியாது, தமுக்குக்காரனுக்கு அவர் பாஷை தெரியாது. நடுவில் நிற்பவன் நீ ஒருவன். அவர் கட்டு என்றதை நீ கட்டாதே என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாய். அவருக்குத் தெரிந்தால் உன் முதுகுத்தோல் மிஞ்சாது. பைத்தியக்காரா.

நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லம்மாவிடம்கூட இல்லை. ஊருக்குத் தெரிந்தால், இதுவும் கோட்டை சூழ்ச்சி என்று அன்றே இலையை இறக்கிவிடுவார்கள். ரங்கம்மாளிடமும் சொல்லவில்லை. அவளால் மறைக்க முடியாது, உன் பேரைச் சொன்னதும் முகம் மலர்ந்தால் ஊர் கண்டுபிடித்துவிடும். இப்போது உன் பேரைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறாள். வெயில் காலம் முடிந்து அம்மா ஊரைவிட்டுப் போகும்வரை அவள் இங்கேயே இருக்கட்டும். வெறுப்போடுதான் இருப்பாள். பொறுத்துக்கொள், வேறு வழியில்லை.

இனி எனக்கு எழுதாதே, நானும் எழுத மாட்டேன். இந்த ஓலையை அடுப்பில் போட்டுவிடு. வெள்ளிக்கிழமை நான் சந்தைக்கு வருகிறேன், ஊர்க்காரர்களும் என்னோடு வருவார்கள். உன்னைப் பார்த்தால் எல்லோருக்கும் முன்னால் உன் முகத்தில் காறித் துப்புவேன். துடைத்துக்கொண்டு போ, என் ராசா.

உன் மச்சான்,
அங்கமுத்து